இரவல் பெயரில் ஒரு நட்சத்திரம்: யோஷிகோ யமாகுச்சியின் போர்க்காலத் திரைவாழ்வு (1933–1946)

ஆய்வின் எல்லை

ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த சீனப் பகுதிகளில் லி ஷியாங்லான் என்ற சீனப் பெயரில் நடித்தும் பாடியும் பெரும்புகழ் பெற்றவர், பிறப்பால் ஜப்பானியரான யோஷிகோ யமாகுச்சி. அதே பெயரெழுத்துகளை ஜப்பானியர் ரி கோரான் என்று வாசித்தார்கள். 1933இல் ஒரு வானொலி நிலையத்தில் தொடங்கி 1946இல் ஷாங்காய் விசாரணை மன்றம் ஒன்றில் முடிந்த காலத்தை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ஒரு நடிகையின் பிறப்பை மக்களிடமிருந்து மறைப்பது என்ற முடிவை யார், எந்தக் கட்டத்தில், என்ன காரணத்துக்காக எடுத்தார்கள், அது யாரைப் பாதித்தது என்பதே கேள்வி.

நடிகையையும் பொது வரலாற்றில் இடம்பெற்ற மிகச் சிலரையும் தவிர, அதிகாரிகள், நிருபர்கள், நண்பர்கள் ஆகியோரை அவரவர் பொறுப்பைக் கொண்டே குறிப்பிட்டிருக்கிறேன். அவருடைய மனநிலை பற்றிய செய்திகள் பெரும்பாலும் 1987இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றிலிருந்து தெரியவருபவை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட ஒருவரின் சாட்சியம் அது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பின்னணி

யமாகுச்சி 1920 பிப்ரவரி 12 அன்று, இன்று ஷென்யாங் என்று வழங்கும் முக்டென் நகருக்கு அருகில் பிறந்து, நிலக்கரிச் சுரங்க நகரமான ஃபூஷுனில் வளர்ந்தார். தந்தை தென்மஞ்சூரிய ரயில்வே நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மாண்டரின் என்ற சீன மொழியைக் கற்பித்தவர். சீன நாகரிகத்தின் மீது பெருமதிப்புக் கொண்டவர். மகளுக்குச் சிறு வயதிலேயே அந்த மொழியைப் பிழையற்ற ஒலிப்போடு பழக்கினார். பின்னாளில் நிகழ்ந்த அனைத்துக்கும் இந்த மொழித்திறமே அடிப்படை.

1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை சீனத்தின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கியது. 1932 மார்ச்சில் மஞ்சுகுவோ என்ற பெயரில், சிங் வம்சத்தின் கடைசிப் பேரரசரான பூயியைத் தலைமையில் அமர்த்தி, ஒரு பொம்மை அரசு நிறுவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஃபூஷுன் சுரங்கத்தின் மீது சீனப் போராளிகள் தாக்குதல் நடத்தியதற்குப் பழிவாங்க, பக்கத்திலிருந்த பிங்திங்ஷான் கிராமத்து மக்களைப் படையினர் ஓரிடத்தில் திரட்டிக் கொன்றார்கள். இறந்தோர் சுமார் 3,000 பேர் என்பது சீனத் தரப்பின் கணக்கு. அந்த நாட்களில், சீனர் ஒருவரை மரத்தில் கட்டிவைத்து வதைத்ததைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகச் சன்னல் வழியே கண்டதை யமாகுச்சி தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். போரைப் பற்றி எதுவும் அறியாமல் வளர்ந்த குழந்தை அல்லர் அவர். இதை ஆய்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவரைப் பற்றிய பரிவான எழுத்துகள் பல இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

லி ஷியாங்லான் என்ற பெயர் ஏமாற்றுவதற்காக உருவாக்கப்பட்டதன்று. நெருங்கிய நண்பரின் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்றுத் தம் குடும்பப் பெயரைச் சூட்டும் வழக்கம் சீனரிடையே உண்டு. சட்டப்படியான தத்து அன்று, அன்பின் அடையாளம். தந்தையின் நண்பரான ஒரு படைத்தலைவர் அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பீஜிங்கில் அவர் தங்கிப் படித்த வீட்டின் தலைவரும் அவ்வாறே பான் ஷுஹுவா என்ற இன்னொரு பெயரைத் தந்தார். ஒரு பெண்ணுக்கு இரு சீனத் தந்தையரின் பெயர்கள் இருந்தன. பிறந்த வீட்டின் ஜப்பானியப் பெயரும் இருந்தது. அதுவரை இதில் யாருக்கும் தீங்கில்லை.

முதல் கட்டம்: வானொலி, 1933

நுரையீரல் நோயிலிருந்து தேறிவந்த சிறுமிக்கு மூச்சுப் பயிற்சியாக இருக்கும் என்று, ரஷ்ய யூதத் தோழி ஒருத்தி அவரை முக்டெனில் வசித்த ஓர் ஆப்பெரா பாடகியிடம் அழைத்துச் சென்றாள். அந்த ஆசிரியையின் மாணவியாக மேடையில் பாடியபோது முக்டென் வானொலி நிலையத்தார் அவரைக் கேட்டார்கள். சீனப் பாடல்களைப் பரப்ப அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. நல்ல மாண்டரின் பேச வேண்டும், இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிய வேண்டும், நிலையத்து ஜப்பானிய ஊழியர்களோடு அவர்கள் மொழியிலேயே உரையாட வேண்டும் என்ற நிபந்தனைகளை நிறைவுசெய்யும் சீனப் பெண் ஒருவரும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. யமாகுச்சியைச் சேர்த்துக்கொண்டு, அவருக்கு ஏற்கெனவே இருந்த சீனப் பெயரில் ஒலிபரப்பினார்கள். வீட்டில் வழங்கிய பெயர் அன்றிலிருந்து அரசின் பரப்புரைக்குக் கருவியாயிற்று. அப்போது அவர் பதின்மூன்று வயதுச் சிறுமி.

பின்னர் பீஜிங்கில் அவர் சீன மாணவியாகவே பள்ளியில் படித்தார். ஜப்பானியப் படை இந்த நகரத்துக்கு வந்தால் என்ன செய்வாய் என்று மாணவர் கூட்டமொன்றில் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது. மற்றவர்கள் போரிடுவோம் என்றபோது, தான் நகரத்து மதில்மேல் நிற்பேன் என்று அவர் விடையளித்தார். மதில்மேல் நின்றால் இருபுறத்துக் குண்டுகளுக்கும் இலக்காகலாம் என்று அவர் எண்ணியிருக்கிறார். கேட்டவர்கள் அதை வீர உரையாகக் கொண்டார்கள்.

இரண்டாம் கட்டம்: திரைப்படக் கழகம், 1938

1937 ஆகஸ்டில், இன்றைய சாங்சுன் ஆகிய ஷின்ஜிங் நகரில் மஞ்சுகுவோ திரைப்படக் கழகம் தொடங்கப்பட்டது. சுருக்கமாக அதை மான்எய் என்பார்கள். மஞ்சூரிய மக்களுக்காகச் சீன மொழியில் படம் எடுத்து, ஜப்பானின் தலைமையை அவர்கள் மனமுவந்து ஏற்கச் செய்வது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு, படைத் தகவல் பிரிவு அதிகாரி ஒருவர் பதினெட்டு வயது யமாகுச்சியை அணுகி, சீன நடிகைக்குப் பின்னணி பாடினால் போதும் என்று சொல்லி அழைத்தார். ஷின்ஜிங்கில் இறங்கியபின் அவர் முகத்துக்கு ஒப்பனையிட்டுக் கேமராவின் முன் நிறுத்தினார்கள். ரயில் பயணத்தை மையமாகக் கொண்ட ஒரு நகைச்சுவைப் படத்தில் அறிமுகமாகி, தொடர்ந்து நடிக்கும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டார்.

கழகத்தின் முடிவுக்கான காரணங்கள் தெளிவானவை. ஷாங்காயின் புகழ்பெற்ற சீன நடிகைகள் மஞ்சுகுவோவுக்கு வந்து நடிக்க இசையமாட்டார்கள். வெளிப்படையாக ஜப்பானியர் என்று அறிவிக்கப்பட்ட நடிகை மாண்டரின் பேசினால் சீனப் பார்வையாளர் நம்பமாட்டார்கள். சீனப் பெண்ணாகவே தோன்றி, சீனப் பெண்ணாகவே பேசி, ஜப்பானிய இயக்குநரின் சொல்லைப் புரிந்துகொண்டு, ஜப்பானைத் தன் விருப்பத்தோடு நேசிப்பவராகத் திரையில் தெரியும் ஒருவரே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அப்படியொரு சீனப் பெண் கிடைக்காததால், இருப்பதாகக் காட்டினார்கள். என் கணிப்பில் இந்த நிகழ்வு முழுவதிலும் மிகக் கனமான முடிவு இதுதான், அதன் பொறுப்பு நிறுவனத்தையே சாரும்.

அதே 1938இல் அவர் முதன்முறையாக ஜப்பானுக்குப் போனார். துறைமுகத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த காவலர், ஜப்பானியராகப் பிறந்துவிட்டுச் சீன உடை அணிந்து சீன மொழி பேசுவதற்கு வெட்கமில்லையா என்று அதட்டியிருக்கிறார். திரையில் இரு இனங்களின் நல்லிணக்கம் என்று காட்டப்பட்டதற்கும் நடைமுறைக்கும் இருந்த இடைவெளியை அவர் அன்றே நேரில் பார்த்தார். மஞ்சுகுவோவின் உணவுப் பங்கீட்டிலும் அதே வேறுபாடு நிலவியது: அரிசி ஜப்பானியருக்கு, சோளம் சீனருக்கு.

மூன்றாம் கட்டம்: கன்னத்தில் விழுந்த அறையும் அதன் எதிரொலியும், 1939–1941

மான்எய்யும் ஜப்பானின் தோஹோ நிறுவனமும் இணைந்து அவரை அன்றைய காதல் நாயகரான கஸுவோ ஹசெகாவாவுக்கு இணையாக நடிக்க வைத்தன. 1939லும் 1940லும் வெளிவந்த மூன்று படங்களிலும் கதையமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: ஜப்பானிய ஆண், அவனைக் காதலிக்கும் சீனப் பெண். இவற்றுள் பெரும்புகழும் பெரும்பழியும் பெற்றது 1940இன் ‘சீன இரவுகள்’. போரில் வீட்டையும் பெற்றோரையும் இழந்து ஜப்பானியரை வெறுக்கும் ஷாங்காய்ப் பெண்ணை ஒரு ஜப்பானியக் கப்பல் அதிகாரி காப்பாற்றுகிறார். அவள் பிடிவாதம் தணியாதபோது கன்னத்தில் அறைகிறார். அந்த அறையில் அவள் மனம் மாறி, அவரைக் காதலிக்கத் தொடங்குகிறாள்.

ஒரே காட்சியை இரு நாட்டவரும் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பது இந்த ஆய்வில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி. ஜப்பானியப் பார்வையாளருக்கு அது உரிமையோடு கூடிய கண்டிப்பாகவும், முரண்டு பிடிப்பவளைத் திருத்தும் அன்பாகவும் தெரிந்தது. சீனருக்கு அது இரட்டை அவமானம். ஆக்கிரமித்தவன் கைநீட்டி அடிக்கிறான் என்பது ஒன்று. அடிபட்டவள் அதற்காகவே அவனை நேசிக்கிறாள் என்பது அதனினும் கொடியது. அந்தக் காட்சி சீனரைப் புண்படுத்தியதற்குக் காரணம் அந்த நடிகை தம்மில் ஒருத்தி என்று அவர்கள் நம்பியதே. பகைநாட்டு நடிகை ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்றிருந்தால் அதை எதிரியின் கற்பனை என்று தள்ளிவிட முடிந்திருக்கும். தம் இனத்துப் பெண்ணே தலைகுனிந்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டதால்தான், நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு துரோகக் குற்றச்சாட்டு எழுந்தது.

ஜப்பானில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1941 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவின் நிச்சிகெக்கி அரங்கில் அவர் பாட வந்தபோது, அரங்கைச் சுற்றி மக்கள் வரிசை ஏழரைச் சுற்று நீண்டதாக இன்றும் சொல்கிறார்கள். காவல்துறை தலையிட வேண்டியதாயிற்று. சீனத்தில் தங்கள் பிள்ளைகள் போரிட்டு மடிந்துகொண்டிருந்த காலத்தில், சீனப் பெண் என்று தாங்கள் நம்பிய ஒருவரைக் காண அவ்வளவு கூட்டம் திரண்டது. அந்த அன்பும் பொய்யின் மீது கட்டப்பட்டது என்பதை நினைக்கையில், ஏமாற்றப்பட்டவர்கள் சீனர் மட்டுமல்லர் என்று சொல்லத் தோன்றுகிறது.

நான்காம் கட்டம்: சொல்ல முயன்றதும் தடுக்கப்பட்டதும், 1943–1944

1943இல் அவர் நடித்த இரு படங்களை ஒப்புநோக்கலாம். ஒன்று தைவானின் பழங்குடிப் பெண்ணாக அவர் தோன்றிய ‘சயோனின் மணி’. படைக்குச் செல்லும் ஜப்பானிய ஆசிரியரை வழியனுப்பப்போய் உயிரிழக்கும் பெண்ணின் கதை. மற்றொன்று ஷாங்காயில் எடுக்கப்பட்ட, அபினிப் போர்க்காலத்தைக் களமாகக் கொண்ட படம். அதில் அவர் மிட்டாய் விற்கும் பெண்ணாக வந்து, அபினியின் கேட்டைப் பாடலாகப் பாடினார். பிரிட்டிஷாருக்கு எதிரான படம் என்று ஜப்பானிய அதிகாரிகள் அதை அனுமதித்தார்கள். அன்னிய ஆதிக்கத்தை எதிர்க்கும் படம் என்று சீன மக்கள் அதைக் கொண்டாடினார்கள். மிட்டாய்ப் பாடல் சீனமெங்கும் பரவியது. அதுவரை ஜப்பானியருக்குப் பிடித்த ‘சீன நடிகை’யாக இருந்தவர், முதன்முறையாகச் சீனருக்கும் பிடித்தவரானார்.

இந்த வெற்றிக்குப் பிறகு பீஜிங்கில் நிருபர் கூட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. தான் ஜப்பானியர் என்பதை அங்கே வெளிப்படையாக அறிவித்துவிட அவர் விரும்பினார். குடும்பத்தை அறிந்த மூத்த பத்திரிகையாளர் ஒருவரிடம் அதைச் சொன்னபோது, வேண்டாம், உன்னைத் தம்மவளாக மக்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் மனத்தை உடைக்காதே என்று அவர் தடுத்துவிட்டார். கூட்டம் முடியும் தறுவாயில் இளைஞரான நிருபர் ஒருவர் எழுந்து, சீனரான நீங்கள் சீனத்தை இழிவுபடுத்தும் படங்களில் ஏன் நடித்தீர்கள், உங்கள் தன்மானம் எங்கே போயிற்று என்று கேட்டார். அறியாத வயதில் செய்த பிழை, இனிச் செய்யமாட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அவர் பதிலளித்தார். அரங்கில் கைதட்டல் எழுந்தது.

இந்தப் பதிலை நெடுநேரம் யோசித்திருக்கிறேன். மன்னிப்பு உண்மையானது, மன்னிப்புக் கேட்டவர் யார் என்பது உண்மையன்று. சீனப் பெண்ணாக நின்று சீனரிடம் மன்னிப்புப் பெற்றதால், மறைப்பு முன்னைவிட ஆழமாகிவிட்டது. பத்திரிகையாளரின் அறிவுரை நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. 1938இல் நிறுவனம் எடுத்த முடிவை, 1943இல் அவர்மீது அன்பு கொண்ட ஒருவரே புதுப்பித்துக் கொடுத்தார். அப்போது யமாகுச்சிக்கு வயது 23. பதின்மூன்று வயதில் இல்லாத பொறுப்பு இந்த வயதில் அவருக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன். அவரும் பிற்காலத்தில் தமக்குச் சலுகை கேட்டுக்கொள்ளவில்லை.

நிருபரின் கேள்வி அவரை விட்டு விலகவில்லை. 1939 முதல் கழகத்தின் தலைவராக இருந்தவர் மசாஹிகோ அமகாசு. 1923 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த குழப்பத்தில் ஓர் அராஜகவாதச் சிந்தனையாளரையும் அவர் துணைவியையும் ஒரு சிறுவனையும் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் படைக்காவல் அதிகாரி. 1944இல் யமாகுச்சி அவரிடம் சென்று, இனி இந்தப் பெயரில் நடிக்க இயலாது, ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று கேட்டார். எதிர்பார்த்ததற்கு மாறாக, அவர் தடை சொல்லாமல் விடுவித்தார். எனினும் விலகல் அமைதியாக நடந்தது. காரணம் பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஷாங்காய்க்கு வந்தபின்னும் அவர் லி ஷியாங்லான் ஆகவே இருந்தார். 1944இல் அந்தப் பெயரில் பாடிய ‘இரவு மணக்கும் மலர்’ என்ற பாடல் அவருடைய குரலுக்கு நிலையான புகழைத் தந்தது.

விளைவு: கைதும் விசாரணையும், 1945–1946

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சாங்சுனில் அமகாசு நஞ்சருந்தி இறந்தார். ஷாங்காயில் யமாகுச்சி மற்ற ஜப்பானியரோடு காவலில் வைக்கப்பட்டு, எதிரிக்குத் துணைபோன சீனர் என்ற குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டார். அது மரண தண்டனை வரை செல்லக்கூடிய குற்றம். அவ்வாண்டின் இறுதியில், குதிரைப்பந்தயத் திடலில் அவர் சுட்டுக்கொல்லப்படப் போவதாகச் செய்தித்தாள்கள் நாள் குறித்தே எழுதின.

தான் சீனர் அல்லர் என்று அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. நம்புவதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது? பத்தாண்டுகளுக்கும் மேலாக வானொலியும் திரையும் விளம்பரத் தாள்களும் அவரைச் சீனர் என்றே சொல்லியிருந்தன. நிறுவனம் செய்த வேலை அத்தனை முழுமையானது. அவர் ஜப்பானியர் என்பதற்குச் சான்றான குடும்பப் பதிவேட்டின் நகல் மட்டுமே அவரைக் காப்பாற்ற முடியும். அது பீஜிங்கில் பெற்றோரிடம் இருந்தது. முக்டெனில் அவரை இசையாசிரியையிடம் அழைத்துச் சென்ற அதே ரஷ்யத் தோழிதான் இப்போது பீஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே உதவினார். ஜப்பானியப் பொம்மை ஒன்றினுள் மறைத்து வைக்கப்பட்ட பதிவேட்டு நகல் வந்துசேர்ந்தது.

1946 பிப்ரவரியில் மன்றம் அவரை விடுவித்தது. துரோகச் சட்டம் சீனக் குடிமக்களுக்கே உரியது. அவர் ஜப்பானியர் என்பதால் அது அவரைக் கட்டாது. ஆயினும் சீனப் பெயரில் அப்படங்களில் நடித்தது அறநோக்கில் தவறு என்று நீதிபதி சுட்டிக்காட்ட, அவர் அதை ஏற்று மன்னிப்புக் கேட்டார். அவரை மரண தண்டனையிலிருந்து காத்த அந்தப் பதிவேட்டு நகலே, அவர் மக்களை ஏமாற்றியதற்கும் சான்று. சட்டத்தின் கேள்விக்கும் மக்களின் கேள்விக்கும் ஒரே ஆவணம் எதிரெதிர் விடைகளைத் தந்தது.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது யோஷிகோ கவாஷிமாவின் வழக்கு. சிங் அரச குடும்பத்தில் பிறந்து ஜப்பானியர் ஒருவரால் வளர்க்கப்பட்டு, ஜப்பானியப் படைக்காக உளவு வேலை செய்தவர் அவர். வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவேயில்லை. 1948 மார்ச் 25 அன்று சீனத் துரோகியாகக் கொல்லப்பட்டார். இருவரின் செயல்களும் சமமானவை அல்ல. ஆனால் இருவரின் உயிரும் பதிவேட்டில் ஒரு வரி இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே முடிவாயிற்று.

பிற்காலம்

ஜப்பானுக்குத் திரும்பியபின் அவர் தம் சொந்தப் பெயரில் நடித்தார். 1950இல் அகிரா குரோசாவாவின் இயக்கத்தில் தோஷிரோ மிஃபுனேயோடு ஒரு படம், பிறகு ஷர்லி யமாகுச்சி என்ற பெயரில் ஹாலிவுட், மீண்டும் பழைய சீனப் பெயரில் ஹாங்காங் என்று சில ஆண்டுகள் கழிந்தன. 1958இல் திரையை விட்டு விலகினார். 1974 முதல் 1992 வரை ஜப்பானிய நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார். போர்க்காலத்தில் படையினரின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட ஆசியப் பெண்களுக்காக 1995இல் அமைக்கப்பட்ட நிதியத்தில் துணைத்தலைவராகப் பணியாற்றினார். தம் போர்க்காலப் படங்களை அவர் ஒருபோதும் நியாயப்படுத்தவில்லை. 2014 செப்டம்பர் 7 அன்று, 94ஆம் வயதில் மறைந்தார்.

மாற வேண்டியவை

இன்று இப்படங்களைத் திரையிடுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, அவருடைய பாடல்களின் இனிமைக்காக வரலாற்றைத் தவிர்ப்பது. மற்றொன்று, பரப்புரை என்று முத்திரையிட்டு ஒதுக்குவது. படம் தொடங்குமுன் எந்த ஆண்டு, எந்த நிறுவனம், நடிகை பார்வையாளருக்கு யாராக அறிவிக்கப்பட்டிருந்தார் என்ற மூன்று செய்திகளை வைத்துவிட்டுப் படத்தை முழுமையாகக் காட்டுவதே சரி என்று நினைக்கிறேன். அறை விழும் காட்சியை வெட்டிவிட்டுக் காட்டினால், சீனர் ஏன் சினந்தார்கள் என்பதே புதிய பார்வையாளருக்கு விளங்காது.

ஆய்வுகளிலும் ஒரு குறை தொடர்கிறது. நிறுவனத்தின் முடிவுகள் நடிகையின் மனச்சிக்கலாகவே திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. அழைப்பு விடுத்த அதிகாரி, விளம்பரம் எழுதியவர்கள், உண்மையை அறிவிக்க வேண்டாம் என்ற பத்திரிகையாளர் ஆகியோர் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவருடைய அழகும் குரலும் அத்தனை வலிமையானவை என்பதால் எழுதுவோரின் கண் அவரை விட்டு நகர மறுக்கிறது.

அதைவிடப் பெரிய குறை மான்எய்யின் சீன நடிகர்களைப் பற்றியது. அதே அரங்குகளில், அதே இயக்குநர்களின் கீழ் அவர்களும் நடித்தார்கள். போர் முடிந்தபோது அவர்களிடம் காட்டுவதற்கு வேறொரு நாட்டின் பதிவேடு இல்லை. அந்தக் கழகத்தின் அடித்தளத்தில் உருவான அமைப்பு 1946இல் வடகிழக்குத் திரைப்பட நிலையமாகி, 1955இல் சாங்சுன் திரைப்பட நிலையம் என்று பெயர் பெற்றது. அதில் சேர்ந்து புதிய அரசின் படங்களில் நடித்தவர்கள் தங்கள் பழைய பணிக்கு எவ்வாறு பதில் சொல்ல நேர்ந்தது என்பதை அடுத்த ஆய்வு எடுத்துக்கொள்ள வேண்டும்.